கேட்டதாகச் சொல்லுங்கள்: தொடக்கக் கிறிஸ்தவக் கடிதங்களின் இறுதி வாழ்த்துகள்

புதிய ஏற்பாட்டு நிருபங்களை வாசிக்கிறவர்கள் கடைசி அதிகாரத்துக்கு வந்ததும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் நியாயப்பிரமாணம், விசுவாசம், கிருபை என்று பதினைந்து அதிகாரங்கள் வாதாடி முடித்த பவுல், பதினாறாவதில் பெயர்களை அடுக்குகிறார்: இவரை வாழ்த்துங்கள், அவரை வாழ்த்துங்கள், இன்னார் வீட்டாரை வாழ்த்துங்கள். அந்தப் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலம் அதை நிருபத்தின் பின்னிணைப்பு போலவே நடத்தினார்கள். இக்கட்டுரை சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. தொடக்கக் கிறிஸ்தவக் கடிதங்களில் உபதேசம் நடப்பாக மாறும் இடமே இறுதி வாழ்த்துதான். யார் யாருடைய வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், யார் யாரைத் தன் ஆளென்று ஏற்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி ஏவுவது அந்தப் பகுதி. இந்த வாதத்தை முதல் நூற்றாண்டுச் சான்றுகளைக் கொண்டு நிறுத்திப் பார்க்கலாம். பிறகு, தமிழகக் கடற்கரையில் எழுதப்பட்ட பதினாறாம் நூற்றாண்டுக் கடிதங்களோடு உரசியும் பார்க்கலாம்.

தமிழகக் கடற்கரை இந்தப் பேச்சுக்கு அந்நியமான இடமன்று. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தில் இருந்த வணிகர் ஒருவர் கிரேக்கத்தில் எழுதிய பெரிப்ளுஸ் என்னும் கடல்வழிக் கையேடு, கீழைக் கடற்கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்பது பரவலாக ஏற்கப்பட்டது. சோபட்மாவை மரக்காணம் என்று கொள்வோர் பலர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளும் சிவப்பு மெருகிட்ட கலங்களும் கிடைத்தன. எதிர்ப்புறம், செங்கடல் கரையிலுள்ள குசெய்ர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பானை ஓடுகளில் கிடைத்துள்ளன. பெரிப்ளுஸ் எழுதப்பட்ட அதே பத்தாண்டுகளில், அதே பொதுவழக்குக் கிரேக்கத்தில்தான் பவுலின் கடிதங்களும் எழுதப்பட்டன. கப்பல், ஒட்டகம், கூலியாள், ஊர்விட்டு ஊர் போகும் நண்பர் என்று இருந்த அந்த உலகில் தனியார் கடிதங்களைச் சுமக்க அரசு அஞ்சல் கிடையாது. அந்தப் பக்கம் போகிற ஒருவர் கிடைத்தால்தான் கடிதம் போகும். ஆகவே ஒரு கடிதத்தில் எத்தனை பேரைத் தொட முடியுமோ அத்தனை பேரையும் தொட்டுவிட எழுதுகிறவர் முயன்றார்.

அந்த முயற்சியின் வடிவம்தான் இறுதி வாழ்த்து. எகிப்தின் வறண்ட மணல் காப்பாற்றித் தந்த பாப்பிரஸ் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இதைக் காட்டுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கப்பற்படையில் சேரப்போன அப்பியோன் என்ற இளைஞன் இத்தாலியின் மிசேனம் துறைமுகத்திலிருந்து தன் தந்தை எபிமாக்குசுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. கடலில் ஆபத்து வந்ததையும் பிழைத்ததையும் சொல்கிறான். வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கிடைத்ததையும், தன் உருவப்படத்தை ஒருவர் கையில் அனுப்பியிருப்பதையும், தனக்கு அந்தோனியுஸ் மாக்சிமுஸ் என்று ரோமப் பெயர் வைத்துவிட்டதையும் சொல்கிறான். முடிவில் கப்பித்தோனையும் உடன்பிறந்தாரையும் நண்பர்களையும் வாழ்த்துகிறான். அதோடு நிற்கவில்லை. கூட இருந்த ஊர்க்காரர்களின் வாழ்த்துகள் தாளின் இடது ஓரத்தில் பக்கவாட்டாகத் திணிக்கப்பட்டிருக்கின்றன. இடம் தீர்ந்த பிறகும் பெயரை விட மனம் வரவில்லை. குசெய்ர் துறையையும் நைல் நதியையும் இணைத்த பாலைவனச் சாலையின் காவல் நிலையங்களில் கிடைத்த ஓட்டுச் சில்லுக் கடிதங்களிலும், உள்ளங்கை அகல ஓட்டில் ஒரு மூலையேனும் வாழ்த்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கடிதம் எழுதப் பழகிய தமிழருக்கு இது புரியாத வழக்கமன்று. ரங்கூனிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பின்னாளில் வளைகுடாவிலிருந்தும் வந்த கடிதங்களின் கடைசிக் கால் பக்கம் “பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும், தம்பி பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்” என்றுதான் போகும். கடிதத்தைத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி இருப்பவர்கள் தங்கள் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பெயர் விட்டுப்போனால் அது வருத்தமாகும், சில வீடுகளில் சண்டையும் ஆகும். 1968இல் டெரன்ஸ் மல்லின்ஸ் என்ற ஆய்வாளர் புதிய ஏற்பாட்டு வாழ்த்துகளை மூன்றாகப் பிரித்தார். நான் வாழ்த்துகிறேன் என்பது ஒன்று. என்னுடன் இருக்கும் இன்னார் வாழ்த்துகிறார் என்பது மற்றொன்று. நீங்கள் போய் இன்னாரை வாழ்த்துங்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாம் வகைதான் நம்முடைய ‘கேட்டதாகச் சொல்லவும்’. இதில் எழுதியவர் வாழ்த்துவதோடு வேலை முடிவதில்லை. படிக்கிறவர் எழுந்து போக வேண்டும், இன்னொருவர் முன் நிற்க வேண்டும், அனுப்பியவருடைய வாயாகப் பேச வேண்டும். பவுலின் இறுதி வாழ்த்துகளைப் புரிந்துகொள்ள இந்த மூன்றாம் வகையே திறவுகோல்.

ரோமர் 16ஆம் அதிகாரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பவுல் இந்நிருபத்தை ஏறத்தாழ கி.பி. 57இல் கொரிந்துவிலிருந்து எழுதியதாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை அவர் ரோமாபுரிக்குப் போனதில்லை. கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாளை முதலில் பரிந்துரைக்கிறார், கடிதத்தைக் கொண்டுபோனவர் அவரே என்பது பொதுவான முடிவு. பிறகு ‘வாழ்த்துங்கள்’ என்ற ஏவல் 16 முறை வருகிறது. பெயர் சொல்லி வாழ்த்தப்படுவோர் 24 பேர். அவர்களில் பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று ஏழு பெண்கள். பெயர் சொல்லப்படாத ரூபுவின் தாயும் நேரேயின் சகோதரியும் தனி. பாடுபட்டு உழைத்தவர் என்ற பாராட்டு இந்தப் பட்டியலில் நான்கு பேருக்குக் கிடைக்கிறது. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரும் பெண்கள். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெர்சிஸ், பிரிசில்லா என்ற பெயர்கள் இன்றும் வழங்குவதற்கு ஊற்று, வேகமாகப் புரட்டப்படும் இந்தப் பக்கம். ரோமாபுரிக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பீட்டர் லாம்பே செய்த ஆய்வு, பட்டியலிலுள்ள பெயர்களில் பல அடிமைகளிடமும் விடுதலை பெற்ற அடிமைகளிடமும் மிகுதியாக வழங்கியவை என்று காட்டியது. அரிஸ்தொபூலும் நர்கீசும் வாழ்த்தப்படவில்லை, அவர்களுடைய வீட்டாரில் உள்ள விசுவாசிகள் வாழ்த்தப்படுகிறார்கள். எசமானை விட்டுவிட்டு வீட்டு வேலைக்காரருக்கு வாழ்த்து அனுப்பும் கடிதத்தை அந்தக் காலத்து மேட்டுக்குடியினர் வியப்போடுதான் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பெயர்கள் கலைந்து கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடும் சபை, அரிஸ்தொபூலின் வீட்டார், நர்கீசின் வீட்டார், அசிங்கிரீதுவோடு இருக்கும் சகோதரர், பிலொலோகுவோடு இருக்கும் பரிசுத்தவான்கள் என்று ஐந்து குழுக்களாவது தெரிகின்றன. ரோமாபுரியில் அப்போது எல்லாரும் ஓரிடத்தில் கூடவில்லை. ஏன் கூடவில்லை என்பதற்கு 14, 15ஆம் அதிகாரங்களில் ஒரு விடை இருக்கிறது. சிலர் எதையும் உண்ணலாம் என்கிறார்கள், சிலர் மரக்கறி மட்டுமே உண்கிறார்கள். சிலர் குறிப்பிட்ட நாட்களை அனுசரிக்கிறார்கள், சிலருக்கு எல்லா நாளும் ஒன்று. உண்கிறவன் உண்ணாதவனை இளக்காரமாகப் பார்க்கிறான், உண்ணாதவன் உண்கிறவனைக் குற்றவாளியாக்குகிறான். பந்தி பிரிந்தால் ஊர் பிரியும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பதினைந்தாம் அதிகாரத்தில் பொதுவாகச் சொன்ன பவுல், பதினாறில் அதை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். பிரிஸ்கில்லாள் வீட்டில் இந்தக் கடிதம் வாசிக்கப்படும்போது நர்கீசின் வீட்டாரை வாழ்த்துங்கள் என்ற ஏவல் அங்கே ஒலிக்கிறது. அதே கடிதம் நர்கீசின் வீட்டில் வாசிக்கப்படும்போது பிரிஸ்கில்லாளை வாழ்த்துங்கள் என்கிறது. எந்தக் குழு கேட்டாலும் வேறு குழுவின் வாசலுக்குப் போகவேண்டிய கடமை பிறக்கிறது. ஃபிரான்சிஸ் வாட்சன் 1986இல் இந்த வாசிப்பை முன்வைத்தார். அவருடைய முழு வரலாற்றுச் சித்திரத்தையும் ஏற்காதவர்கள்கூட, ஏவல் வடிவத்தின் பொருளை அவர் சுட்டிய இடத்தை மறுப்பது கடினம்.

இதோடு பரிசுத்த முத்தத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோமர், கொரிந்தியர் நிருபங்கள் இரண்டு, முதலாம் தெசலோனிக்கேயர் ஆகிய நான்கும் பரிசுத்த முத்தத்தால் ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்லி முடிகின்றன. முதலாம் பேதுருவில் அது அன்பின் முத்தம் ஆகிறது. ரோம உலகில் முத்தம் குடும்பத்தாருக்குள்ளும், தரத்தில் ஒத்தவர்களுக்குள்ளும் இயல்பாக இருந்தது. அடிமையும் எசமானும், யூதரும் கிரேக்கரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவது வேறு வகைச் செயல். முதலாம் தெசலோனிக்கேயரில் முத்தத்துக்கு அடுத்த வரியிலேயே, இந்த நிருபம் எல்லாச் சகோதரருக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்று பவுல் ஆணையிட்டுச் சொல்கிறார். கடிதத்தை வாசித்து முடித்ததும் முத்தம் நடக்கிறது. வாசிப்பின் கடைசிக் கட்டம் உடலால் செய்யப்படும் செயல் என்றாகிறது.

பவுலின் முடிவுகளில் இன்னொரு கூறும் உண்டு. கடிதத்தை ஒருவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவது அக்கால வழக்கம். ரோமர் நிருபத்தை எழுதிய தெர்தியு நடுவில் புகுந்து தன் பெயரிலேயே வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார். முடிவில் எழுதுகோலை அனுப்புகிறவர் வாங்கிக் கைப்பட நாலு வரி எழுதுவார். வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 100ஐச் சேர்ந்த மரப்பலகைக் கடிதம் ஒன்றில் கிளாடியா செவேரா தன் தோழி சுல்பிசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். அழைப்பு எழுத்தரின் சீரான கையெழுத்தில் இருக்கிறது, இறுதி வாழ்த்து மட்டும் அவருடைய திருந்தாத சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது. பவுலும் முதலாம் கொரிந்தியர், கலாத்தியர், கொலோசெயர், இரண்டாம் தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகியவற்றில் தன் கைப்பட எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். பிலேமோனில் அந்தக் கையெழுத்து கடன் பத்திரத்தின் வலிமை பெறுகிறது: ஒநேசிமு உனக்குக் கடன்பட்டிருந்தால் நான் தீர்ப்பேன் என்று கைப்பட உறுதி தருகிறார். உடனே எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா ஆகிய ஐவரின் வாழ்த்து வருகிறது. வாழ்த்துச் சொன்ன ஐந்து பேருக்கும் இந்தக் கோரிக்கை தெரியும் என்பதைப் பிலேமோன் அந்த வரியிலிருந்தே புரிந்துகொண்டிருப்பார். இங்கே வாழ்த்துகிறவர்கள் சாட்சிகளும் ஆகிறார்கள்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்பது. அப்பியோனும் வாழ்த்தினான், பவுலும் வாழ்த்தினார், எல்லாரும் எழுதிய வரியில் தனிப் பொருளைத் தேடுவது மிகை என்று சொல்லலாம். சம்பிரதாயம் என்பது உண்மை. ஆனால் சம்பிரதாயத்தை ஒருவர் எங்கே மாற்றுகிறார், எங்கே கைவிடுகிறார் என்பதில்தான் அவருடைய நோக்கம் வெளிப்படும். கிரேக்கக் கடிதம் உடல்நலம் வேண்டி முடியும். பவுல் அந்த வரியை எடுத்துவிட்டு, கர்த்தரின் கிருபை உங்களோடிருக்கட்டும் என்ற ஆசியை வைக்கிறார். அப்பியோன் வாழ்த்தியது உறவினரையும் ஊராரையும். பவுல் வாழ்த்தியவர்களில் பலரோடு அவருக்கு இரத்த உறவில்லை, ஆனாலும் உறவுமுறை சொல்லியே வாழ்த்துகிறார். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். எல்லாவற்றையும்விட வலுவான சான்று கலாத்தியர் நிருபம். அதில் கைப்பட எழுதிய முடிவு உண்டு, ஆசியும் உண்டு. ஒருவருக்கும் வாழ்த்து மட்டும் இல்லை, முத்தமும் இல்லை. பவுல் மிகக் கோபமாக எழுதிய கடிதம் அது. வாழ்த்து தானாக வந்து விழும் வரியாக இருந்தால் அங்கேயும் விழுந்திருக்கும். இரண்டாம் யோவான் நிருபமோ, மாறான உபதேசத்தோடு வருகிறவனை வீட்டில் ஏற்காதே, அவனுக்கு வாழ்த்தும் சொல்லாதே, சொன்னால் அவன் செயலில் உனக்கும் பங்கு வரும் என்கிறது. பொருளற்ற சொல்லை யாரும் இவ்வளவு அஞ்சித் தடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு ஓலைச்சுவடிப் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு நெருக்கமானது. போகாத ஊரில் இத்தனை பேரைப் பவுலுக்கு எப்படித் தெரியும்? பதினாறாம் அதிகாரம் உண்மையில் எபேசுவுக்கு எழுதிய தனிக் கடிதம், பின்னால் ரோமர் நிருபத்தில் ஒட்டப்பட்டது என்று டேவிட் ஷுல்ஸ் 1829இல் சொன்னார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எபேசுவில் இருந்தவர்கள், எப்பனெத்து ஆசியாவின் முதற்பலன். ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த பி46 என்ற பாப்பிரஸ் சுவடியில், நிருபத்தின் இறுதித் துதி பதினைந்தாம் அதிகாரத்தின் முடிவிலேயே வந்துவிடுவதும் அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் அதே பி46இலும் துதியைத் தொடர்ந்து பதினாறாம் அதிகாரம் இருக்கிறது. அது இல்லாத பதினைந்து அதிகாரச் சுவடி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பவுலின் கடித முடிவுகளை முழுமையாக ஒப்பிட்ட ஹாரி காம்பிள் 1977இல், பதினாறாம் அதிகாரம் இல்லாமல் ரோமர் நிருபம் முறையாக முடியவே இல்லை என்று காட்டினார். பெயர்கள் மிகுந்திருப்பதும் ரோமாபுரிக்கே பொருந்துகிறது. நன்கு தெரிந்த சபையில் 24 பேரை மட்டும் பெயர் சொன்னால் மற்றவர்கள் மனம் நோகும். தெரியாத ஊரில் தெரிந்த ஒவ்வொருவரையும் சொல்வதுதான் முறை. பேரரசர் கிளாடியுஸ் காலத்தில் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கிழக்கே வந்த ஆக்கில்லா போன்றவர்கள், அந்தப் பேரரசர் இறந்த பிறகு ஊர் திரும்பியிருக்க வாய்ப்பு நிரம்ப உண்டு.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது. பவுல் ஸ்பெயினுக்குப் போக ரோமாபுரியின் உதவியை எதிர்பார்த்தார், பதினைந்தாம் அதிகாரத்தில் அதை வெளிப்படையாகவே சொல்கிறார். அப்படியானால் இந்தப் பெயர்கள் பரிந்துரைக் கடிதத்தின் உத்தி, செல்வாக்குள்ளவர்களைத் தனக்குத் தெரியும் என்று காட்டும் சாமர்த்தியம். இதை மறுக்கத் தேவையில்லை. காரியம் இருந்தது உண்மை. ஆனால் செல்வாக்கைக் காட்ட விரும்பியவர் பெர்சியாளையும் பத்திரொபாவையும் ஏன் சொல்ல வேண்டும்? அவருடைய கணக்கில் செல்வாக்கு என்பது உழைப்பும் சிறைவாசமும்தான் என்பது பட்டியலிலேயே தெரிகிறது. யூனியாவையும் அன்றோனீக்குவையும் தன்னோடு சிறையிருந்தவர்கள் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். இந்த மறுப்பின் மறுபக்கமாக, பவுல் பெயரில் பிறர் எழுதியதாகப் பல ஆய்வாளர் கருதும் இரண்டாம் தீமோத்தேயுவும் பெயர் சொல்லி வாழ்த்தி முடிகிறதே என்று கேட்கலாம். அது இந்த வாதத்தைக் குலைக்காது, உறுதிப்படுத்தவே செய்யும். ஒரு கடிதத்தைப் பவுலுடையதாகக் காட்ட நினைப்பவர், எதை வைத்தால் படிப்பவர் நம்புவார் என்று எண்ணியிருப்பார். பெயர் சொல்லி வாழ்த்துவதே பவுலின் அடையாளம் என்று முதல் வாசகர்கள் கருதியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த அளவுகோலைத் தமிழகக் கரைக்குக் கொண்டுவருவோம். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து தம் துணைவர் பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலும் அவசரமான சிறு கடிதங்கள். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடு, மக்களிடம் பொறுமையாக இரு என்ற கட்டளைகள் நிறைந்தவை. அந்த ஆண்டு ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிய மக்களுக்கு உணவு கொண்டுபோக 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து கிளம்பி, எதிர்க்காற்றால் திரும்பிய செய்தியும் இவற்றில் உண்டு. இந்த அவசரத்திலும் முடிவு வரி விடுபடுவதில்லை: கிறிஸ்துவில் உம் சகோதரன் என்ற பாணியில் கையொப்பமிடுகிறார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் எதிர்க்காற்றில் திரும்பிவிட, தரைவழியாக மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தார். மயிலாப்பூரிலிருந்து கிழக்கே போன அவர் 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள துணைவர்களுக்கு எழுதினார். அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து, அவரவர் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்துத் தம் துறவு வாக்குறுதியோடு எப்போதும் உடன் வைத்திருப்பதாக அதில் சொல்கிறார். 1552 ஜனவரி 29 அன்று கொச்சியிலிருந்து இயேசு சபைத் தலைவர் இக்னேசியசுக்கு எழுதிய பதிலிலோ, அவருடைய கடிதத்தின் கடைசி வரியை, தாம் முற்றிலும் சவேரியாருடையவர் என்றும் ஒருபோதும் அவரை மறக்க இயலாது என்றும் முடித்த வரியை, கண்ணீரோடு படித்ததாகவும் கண்ணீரோடே பதில் எழுதுவதாகவும் கூறுகிறார். ஆண்டுக்கணக்கில் பயணப்பட்டு வந்த கடிதத்தில் அவரை அதிகம் தொட்டது நிர்வாகச் செய்தி எதுவுமன்று, முடிவு வரிதான்.

ஆனாலும் இதே கடிதங்கள் அளவுகோலின் மறுமுனையையும் காட்டுகின்றன. கையெழுத்து இருக்கிறது, பாசமும் இருக்கிறது. பரதவர் ஊர்களின் பெயர்கள் மணக்க மணக்க வரும் இந்தக் கடிதங்களில், பவுல் செய்ததுபோல ஊராரைப் பெயர் பெயராக வாழ்த்தும் பட்டியல் இல்லை. உள்ளூர் இளைஞன் மத்தேயுவுக்கு மட்டும் சேதி போகிறது: நல்ல மகனாக இருக்கச் சொல்லும், நான் அவனுக்கு நல்ல தகப்பனாக இருப்பேன் என்று. அன்பான சொல்தான். இருந்தாலும் பவுல் ரூபுவின் தாய்க்கு மகனாகித் தாழ்ந்து நின்றார், சவேரியார் மத்தேயுவுக்குத் தகப்பனாகி மேலே நிற்கிறார். கடிதத்தின் வாழ்த்து துறவியரின் வட்டத்துக்குள் சுற்றுகிறது, அது ஊரை ஊரோடு கட்டவில்லை. இப்படி ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். மான்சில்லாசுக்கு எழுதியவை தனி ஆளுக்கான பணிக் கடிதங்கள், சபைக்கு எழுதிய நிருபங்கள் அல்ல என்பது சரியான கேள்வி. ஆனால் பிலேமோனும் ஒரு வீட்டுத் தலைவரிடம் ஒரு காரியத்தைக் கேட்கும் சிறு கடிதம்தான். அதிலும் அப்பியாளும் அர்க்கிப்புவும் வீட்டுச் சபையும் பெயர் பெறுகிறார்கள்.

பந்தி பிரிந்த சபைக்கு வாழ்த்து என்ன செய்யும், ஆணை என்ன செய்யும் என்பதற்கும் இங்கே வரலாறு உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனி இருக்கையும் திருவிருந்தில் முன்பின் வரிசையும் ஒழிய வேண்டும் என்பது கொள்கையளவில் பவுலின் நிருபத்தோடு ஒத்துப்போவதே. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவரிடமிருந்து அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது, வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்ப்பின் பக்கம் நின்றார். ஆணை தவறென்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது, பவுலுக்குச் செவிசாய்த்து ரோமாபுரி ஒன்றுபட்டது என்பதற்கும் சான்று கிடையாது. ஆனால் பொதுவிதி ஒன்றை ஏற்பதும், குறிப்பிட்ட ஒருவர் கையைப் பிடிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது தெளிவாகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனையில் பரிசுத்த முத்தத்தின் இடத்தில் சமாதான வாழ்த்தை வைத்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வழக்கத்தைத் தழுவிய அந்த முறையில், தருகிறவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வார்கள். அடுத்திருப்பவர் யாரென்று பார்த்துக் கை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கும் மனத்துக்கு வழிபாடே ஒரு நெருக்கடியைக் கொடுக்கிறது. ரோமர் 16 அன்று கொடுத்த நெருக்கடியும் அதுவே.

இறுதி வாழ்த்து என்ற பகுதியை இழந்தால் எதை இழக்கிறோம் என்பதைத் தரங்கம்பாடி காட்டும். அங்கிருந்த மிஷனரிகளான சீகன்பால்குவும் கிரூண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பெற்ற 99 பதில் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தமிழரின் வழிபாடு, ஒழுக்கம், கிறிஸ்தவம் குறித்த கருத்துகள் அவற்றில் நிறைய உண்டு. அவை ஜெர்மன் மொழிபெயர்ப்பில், எழுதியவர்களின் பெயரின்றி நமக்கு வந்துள்ளன. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெரிகிறது. யார் யாரோடு பழகினார்கள், யார் வீட்டுக்கு யார் போனார்கள், யாரைக் கேட்டதாகச் சொன்னார்கள் என்பது தெரியவில்லை. ரோமாபுரிச் சபையைப் பற்றி நிலைமை தலைகீழ். பெர்சியாள் என்ன நினைத்தார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஆனால் அவர் உழைத்தார், பிறருக்குத் தெரிந்தவராக இருந்தார், அவரைத் தேடிப்போய் வாழ்த்தவேண்டிய கடமை மற்ற வீட்டாருக்கு இருந்தது என்பவை தெரிகின்றன. ஒரு சமூகம் எப்படி இருந்தது என்று கேட்கும் வரலாற்றாளருக்கு இந்த இரண்டாவது அறிவு சிறியதன்று. கடிதத் தொகுப்புகளைப் பதிப்பிக்கிறவர்கள் நலம் விசாரிப்பையும் பெயர் அடுக்கையும் ‘பொருளற்றவை’ என்று நீக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பவுலின் நிருபங்களைப் படிப்பவர்களும் ஒருமுறையாவது கடைசி அதிகாரத்தை முதலில் படித்துவிட்டு வாதத்துக்குப் போகலாம். யாருக்காக அந்த வாதம் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கும்போது, விசுவாசமும் கிருபையும் குறிப்பிட்ட சில வீடுகளுக்கு இடையிலான சிக்கலைத் தீர்க்க எழுந்த சொற்களாகப் புரியத் தொடங்கும்.